லாரி எடை வரம்பு: சரக்கு அனுப்புவோரும் பெறுவோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் சங்கக் கூட்டத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். மண்டியிலிருந்து அவருக்கு 70 மூட்டை துவரம்பருப்பு வந்துகொண்டிருந்தது. அதே லாரியில் வேறு நான்கு கடைகளின் சரக்கும் இருந்தது. வழியில் அதிகாரிகள் லாரியை நிறுத்தி எடை மேடைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்றரை டன் கூடுதல் என்று தெரிந்தது. கூடுதல் பாரத்தை இறக்கினால்தான் லாரி நகரலாம் என்று எழுத்து மூலம் உத்தரவாயிற்று. கடைசியாக ஏற்றிய சரக்கைத்தானே முதலில் இறக்க முடியும்? கடைசியாக ஏற்றியது நம் உறுப்பினரின் பருப்பு. ஐம்பது கிலோ வீதம் 70 மூட்டையும் எடை மேடைக்குப் பக்கத்துத் திறந்த வெளியில் இறங்கின. இரவு மழை வந்தது. தார்ப்பாய் லாரியோடு போய்விட்டது. 22 மூட்டைகள் நனைந்தன.

லாரி ஆபீஸில் கேட்டால் "சரக்குச் சொந்தக்காரர் பொறுப்பு என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறதே" என்றார்கள். மண்டிக்காரரோ "என் வாசலில் வண்டி ஏறியதோடு என் பொறுப்பு தீர்ந்தது" என்றார். "அளவுக்கு மேல் ஏற்றியது நானா? என் தலையில் ஏன் விடிய வேண்டும்?" என்பதே உறுப்பினரின் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு எடை வரம்புச் சட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் இதை லாரிக்காரர் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். சட்டம் அப்படி விடவில்லை.

எடையை நிர்ணயிப்பது யார், பிடிப்பது யார்?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். எந்த வகை வண்டி மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம், ஒவ்வொரு அச்சின் மேலும் எவ்வளவு பாரம் விழலாம் என்பதை அச்சட்டத்தின் 58-வது பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கிறது. அந்த வரம்பைச் சாலையில் நடைமுறைப்படுத்துவது மாநில அரசு. வண்டியை நிறுத்துவதும், எடை போட வைப்பதும், இறக்கச் சொல்வதும் மாநிலப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள். நீதிமன்றத்துக்குப் போகாமல் இணக்கக் கட்டணம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் தொகையை 200-வது பிரிவின் கீழ் அறிவிப்பதும் மாநில அரசே. ஒரு குறிப்பிட்ட சாலையிலோ பாலத்திலோ கனரக வண்டி போகக்கூடாது என்று 115-வது பிரிவின் கீழ் தடை போடும் அதிகாரமும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஆகவே எடை நாடு முழுவதும் ஒன்று. கெடுபிடியும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திராவிலிருந்து மிளகாய் வரவழைக்கிறவரும் கர்நாடகத்திலிருந்து பருப்பு வரவழைக்கிறவரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று எடைகள்

பதிவுச் சான்றில், அதாவது நாம் ஆர்.சி. புத்தகம் என்று சொல்வதில், இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று சரக்கோடு சேர்த்து அந்த வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். 113-வது பிரிவு சொல்வது இவ்வளவே: பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் பாரத்தோடு வண்டியை ஓட்டக்கூடாது, வெற்று எடையும் சான்றில் உள்ளதைவிடக் கூடியிருக்கக்கூடாது. இந்த இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. பாடி கட்டும்போது கூடுதல் இரும்பு வைத்து, பக்கப் பலகை உயர்த்தி, ஆர்.சி.யில் திருத்தாமல் ஓடுகிற லாரி, மூட்டை ஏற்றும் முன்பே வரம்பை மீறியிருக்கலாம்.

வெற்று எடையில் ஓட்டுநர், கிளீனர் எடை சேராது. ஆக, ஆர்.சி.யில் கழித்துப் பார்த்து 12 டன் வந்தால் 12 டன்னும் சரக்குக்கே என்று நினைத்துவிடக்கூடாது.

இப்போதைய வரம்புகளைப் பார்ப்போம். 1996-ம் வருட அறிவிப்பு நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 2018 ஜூலை 16-ந் தேதியிட்ட அறிவிப்பு அதை உயர்த்தியது. இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆயிற்று. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. பின்னால் இரண்டு அச்சுகள் சேர்ந்திருந்தால் 19 டன் என்பது 21 டன் ஆயிற்று. இவற்றைக் கூட்டினால் கணக்கு தானே வந்துவிடும். ஆறு சக்கர லாரி முன்பு 16.2 டன், இப்போது 18.5 டன். டாரஸ் என்று நாம் அழைக்கும் பத்துச் சக்கர லாரி முன்பு 25 டன். இப்போது 28 டன் அளவு. டிரெய்லர் வண்டிகளின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்குப் போயிற்று. இவை எல்லாம் வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன். "18 டன் லாரி வருகிறது" என்றால் 18 டன் சரக்கு ஏற்றலாம் என்று புரிந்துகொண்டு ஆர்டர் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

இந்த உயர்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரம்பு உயர்ந்துவிட்டதே என்று 2015-ல் வாங்கிய லாரியில் புதுக் கணக்குப்படி ஏற்றுகிறார்கள். எடை மேடையில் நிற்கும்போது அதிகாரி பார்ப்பது செய்தித்தாளில் வந்த அறிவிப்பை அல்ல. அந்த வண்டியின் ஆர்.சி.யில் எழுதியுள்ள எடையை. அதில் 16,200 கிலோ என்று இருந்தால் அந்த லாரிக்கு அதுவே வரம்பு. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஆறு சக்கர லாரிகளுக்கு இடையே இரண்டு டன்னுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம்.

அச்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

சாலைக்கு லாரியின் மொத்த எடை தெரியாது. அதன் மேல் உருளும் ஒவ்வொரு அச்சின் பாரம்தான் தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வளையம் வளையமாகச் சாலை போட்டு, வெவ்வேறு பாரமுள்ள லாரிகளை அதில் ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் கூடும்போது சாலையின் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்று தெரிந்தது. உலகம் முழுவதும் சாலைப் பொறியாளர்கள் இன்றும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால், ஒரு அச்சில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. பாதி கூடுதலாக ஏற்றினால் ஐந்து மடங்கு. 11.5 டன் போக வேண்டிய பின் அச்சில் 17 டன் வைத்து ஓடும் ஒரு லாரி, முறைப்படி ஏற்றிய ஐந்து லாரிகளின் தேய்மானத்தைச் சாலைக்குத் தருகிறது. கடைவீதிச் சாலை போட்ட ஆறு மாதத்தில் பள்ளமாகிவிட்டது என்று நாம் மனு கொடுக்கிறோம். கான்டிராக்டர் மேல் குற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் சரக்கு இறங்கிய லாரிக்கும் அதில் பங்கு உண்டு.

அச்சுக் கணக்கில் இன்னொரு விஷயம் கடைக்காரர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு அச்சில் வரம்பு மீறலாம். பாதி லோடு சர்க்கரை, பாதி லோடு அப்பளம், சேமியா போன்ற லேசான சரக்கு என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை முழுவதையும் பின்பக்கம் அடுக்கிவிட்டால் பின் அச்சு திணறும். முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். நான்கு கடைகளில் இறக்கிக்கொண்டே போகும் வண்டியில் பின்னாலிருந்துதான் இறக்குகிறோம். மூன்றாவது கடை தாண்டியபின் மிச்சமிருக்கும் பாரம் முழுவதும் கேபினை ஒட்டி நிற்கும். கனமான மூட்டையை வண்டியின் நீளம் முழுக்கப் பரப்பி, லேசானதை மேலே வைப்பது பழைய லோடுமேன்களுக்குச் சொல்லாமலே தெரிந்த வித்தை. அவசரத்தில் அதை விட்டுவிடுகிறோம்.

எடை போடும் முறை

வண்டியைப் பார்த்ததும் "ஓவர்லோடு" என்று கண்மதிப்பில் முடிவு கட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 114-வது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மீறல் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அந்த எடை மேடை வண்டி போகும் திசையில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, அல்லது சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். எடை கூடுதல் என்று தெரிந்தால், கூடுதலை இறக்கும்படி எழுத்து மூலம் உத்தரவிடலாம். இறக்குவது ஓட்டுநரின் சொந்தப் பொறுப்பு என்று பிரிவே சொல்கிறது. அதாவது இறக்கிய சரக்குக்கு அரசு காவல் இருக்காது. விவரம் பர்மிட்டிலும் குறிக்கப்பட்டு, பர்மிட் கொடுத்த அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்படும்.

எடை மேடைக்கும் நம் கடைத் தராசைப் போலவே முத்திரை உண்டு. காலாவதியாகாத முத்திரைச் சான்று அங்கே மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், எடைச் சீட்டின் நகல் கேட்பதும் ஓட்டுநரின் உரிமை. சந்தேகம் இருந்தால் மறு எடை கேட்கலாம். சண்டை போடாமல், சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல சுங்கச்சாவடிகளில் இப்போது வண்டி ஊர்ந்து போகும்போதே எடை காட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். அங்கே கூடுதல் பாரத்துக்காகக் கட்டும் தொகை வேறு, மோட்டார் வாகனச் சட்டத்தின் அபராதம் வேறு. ஒன்றைக் கட்டியதால் மற்றொன்று தீராது.

அபராதம்

194-வது பிரிவில் முன்பு குறைந்தபட்ச அபராதம் ரூ. 2,000, அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு ரூ. 1,000. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி இது ரூ. 20,000, அதற்கு மேல் டன்னுக்கு ரூ. 2,000. இறக்குக் கூலியும் தனி. கூடுதலை இறக்கும் வரை வண்டி நகரக்கூடாது. சரக்கு வண்டியின் பக்கங்களிலோ முன்பின்னோ உயரத்திலோ அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் ரூ. 20,000. பஞ்சு மூட்டையும் பொரி மூட்டையும் ஏற்றுகிறவர்கள் எடை பற்றிக் கவலைப்படாவிட்டாலும் இந்த விதியைக் கவனிக்க வேண்டும். எடை போட வண்டியை நிறுத்த மறுத்தாலோ, எடை போடுமுன் சரக்கை இறக்கிவிட்டாலோ ரூ. 40,000.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18.5 டன் ஆறு சக்கர லாரி. வெற்று எடை 6.5 டன் என்று வைத்துக்கொண்டால் 12 டன் ஏற்றலாம். ஐம்பது கிலோ மூட்டையில் 240. இதில் 320 மூட்டை ஏற்றுகிறார்கள். கூடுதல் 4 டன். டன்னுக்கு வாடகை ரூ. 1,200 என்றால் இந்தக் கூடுதலால் கிடைப்பது ரூ. 4,800. பிடிபட்டால் அபராதம் 20,000-மும் 8,000-மும் ஆக ரூ. 28,000. ஆறு நடையில் ஒரு நடை மாட்டினாலே மற்ற ஐந்து நடையின் ஆதாயமும் போய், கைப்பணமும் போகும். டயர், பட்டை, பிரேக் தேய்மானம் இதில் சேரவில்லை. ரூ. 2,000 அபராதக் காலத்தில் "கட்டிவிட்டுப் போகலாம்" என்று சொன்னவர்களின் கணக்கு இன்று செல்லாது.

"கட்டிவிட்டுப் போவது" பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சில மாநிலங்களில் முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டி அட்டை வாங்கிக்கொண்டால், கூடுதல் பாரத்தோடு தடையின்றிப் போகலாம் என்று வழக்கம் இருந்தது. தங்க அட்டை என்றுகூட அதற்குப் பெயர். 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஒப்பவில்லை. அபராதமோ இணக்கக் கட்டணமோ கட்டியதால் கூடுதல் பாரத்தை அப்படியே எடுத்துச் செல்ல உரிமை வராது, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே "பணம் கட்டியாச்சு, ரசீது இருக்கிறது, அடுத்த செக் போஸ்ட்டில் காட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓட்டுநரின் பிழைப்பும் இதில் இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015 ஆகஸ்டில், சரக்கு வண்டியில் கூடுதல் பாரம் ஏற்றிய ஓட்டுநரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. "இன்னும் பத்து மூட்டை போட்டுக்கொள்ளப்பா" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அவர் மூன்று மாதம் வேலையில்லாமல் உட்கார நேரலாம்.

திம்பம் சொல்லும் பாடம்

சாலைவாரியான தடை எப்படி வியாபாரத்தைத் தொடும் என்பதற்குச் சத்தியமங்கலத்தைப் பார்த்தாலே போதும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் பாதை. சாமராஜநகர், மைசூர் பக்கத்துக் காய்கறியும் தானியமும் ஈரோடு, கோவைப் பகுதிகளுக்கு வரும் வழி இது. வளைவில் நீண்ட லாரி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருபுறமும் வண்டிகள் நிற்பது அடிக்கடி நடந்தது. இரவில் விலங்குகள் அடிபடுவதும் நடந்தது. இரவுப் போக்குவரத்தைத் தடை செய்து 2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டார். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னதோடு, 12 சக்கரத்துக்கு மேற்பட்ட லாரிகளும் 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளும் பகலிலும் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. கடையடைப்பு, போராட்டம் எல்லாம் நடந்ததை அப்பகுதி வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் 16.2 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆறு சக்கர லாரியின் பழைய வரம்பு அது. ஆக, நெடுஞ்சாலையில் 18.5 டன்னோடு சட்டப்படி ஓடும் புதிய ஆறு சக்கர லாரி, முழுப் பாரத்தோடு அந்த மலையடிவாரத்துக்கு வந்தால் வரம்பைத் தாண்டிய வண்டியாகிவிடுகிறது. ஆர்.சி.யும் சரி, எடைச் சீட்டும் சரி. ஆனாலும் திரும்பித்தான் போக வேண்டும். மலைப்பாதை, பழைய பாலம், நகரச் சாலை வழியாகச் சரக்கு வரும்போது அந்த வழிக்குத் தனித் தடை உண்டா என்று ஆர்டர் கொடுக்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். பாலம் பழுதானால் ஒரு மாதத்துக்கு உட்பட்ட தடையை அரசிதழில் வெளியிடாமல் உள்ளூர் விளம்பரத்தோடு போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை வெளியூர் லாரிக்காரர் அறிந்திருக்க மாட்டார். உள்ளூர்க் கடைக்காரரான நாம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

சரக்குக்காரர் பொறுப்பு எவ்வளவு?

இப்போது நம் உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். 194-வது பிரிவு "ஓட்டுகிறவர்" என்று மட்டும் சொல்லவில்லை. அப்படி ஓட்டச் செய்கிறவர், ஓட்ட விடுகிறவர் என்றும் சேர்த்தே சொல்கிறது. லாரி உரிமையாளர் இதில் வருவார் என்பதில் சந்தேகமில்லை. கூடுதலாக ஏற்றியே ஆக வேண்டும் என்று நெருக்கிய சரக்குக்காரரையும் இந்த வார்த்தைகள் தொடக்கூடும். நாம் எழுதும் பில்லிலும் இ-வே பில்லிலும் சரக்கின் அளவு இருக்கிறது, வண்டி எண்ணும் இருக்கிறது. எவ்வளவு ஏற்றினோம் என்பதற்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்தாயிற்று.

2007-ம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. 1865-ம் வருடப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. லாரி ஆபீஸ், புக்கிங் ஏஜெண்டு, தரகர் எல்லோரும் இதில் அடங்குவர். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மேல் வண்டியில் ஏற்றக்கூடாது என்று இச்சட்டம் அவர்களைத் தனியாகவே கட்டுப்படுத்துகிறது. வழியில் சரக்குக்கு ஏற்படும் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு. அரசு அதிகாரியின் உத்தரவால் ஏற்பட்ட சேதம் என்றால் விலக்கு கேட்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் உரிய கவனத்தோடு நடந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதத்துக்கு விலக்கு கிடையாது என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. இறக்கச் சொன்னது அதிகாரி என்றாலும், இறக்கும்படி ஆனது கூடுதலாக ஏற்றியதால்தான். தார்ப்பாய் போடாமல் போனதும் லாரிக்காரர்தான். ஆகவே உறுப்பினருக்கு வழக்கு இருக்கிறது. ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு வரி அதை அடியோடு இல்லாமல் செய்துவிடாது.

ஆனால் இரண்டு தடைகள். முதலாவது, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. சேதமான நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து. வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்று ஐந்து மாதம் ஓடிவிடும், ஜாக்கிரதை. இரண்டாவது, கூடுதல் பொறுப்புக்கான தனிக் கட்டணம் கட்டாதிருந்தால் அவர்கள் தர வேண்டியது வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது. 70 மூட்டைக்கு வாடகை ரூ. 5,000 என்றால் அதிகபட்சம் ரூ. 50,000. 22 மூட்டைப் பருப்பு அதைவிடப் பல மடங்கு விலை பெறும். விலை உயர்ந்த சரக்கு வரும்போது மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டுவதா, தனியாகச் சரக்கு இன்சூரன்ஸ் எடுப்பதா என்று யோசிக்க வேண்டும். வண்டி இன்சூரன்ஸை நம்பிப் பயனில்லை. கூடுதல் பாரத்தோடு விபத்து நேர்ந்தால், வண்டிச் சேதத்துக்கே முழுத்தொகை கிடைக்காமல் முக்கால் பங்குக்குள் முடிவதுண்டு.

கடையிலேயே போட வேண்டிய கணக்கு

எடை மீறல் எப்போதும் பேராசையால் வருவதில்லை. கணக்குப் பிசகாலும் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. ஆனால் லோடுமேனும் ஓட்டுநரும் இன்னும் "இருபத்தைந்து கிலோ சிப்பம்" என்றே எண்ணுகிறார்கள். 480 மூட்டை என்றால் 12 டன் என்பது பழைய கணக்கு. 26 கிலோவில் அது 12,480 கிலோ. சாக்கு எடை வேறு. அரை டன் மீறல். சட்டத்தின் எழுத்துப்படி மீறல் மீறலே.

எண்ணெயிலும் இதே மாதிரி. 15 லிட்டர் டின் என்றால் உள்ளே இருப்பது சுமார் 13.65 கிலோ. 15 கிலோ டின் என்றால் உள்ளேயே 15 கிலோ. 500 டின்னில் 675 கிலோ வித்தியாசம், டின் எடை நீங்கலாக. உப்பு, வெல்லம், புளி ஆகியவை மழைக்காலத்தில் ஈரம் இழுத்து எடை கூடும். நனைந்த சாக்கும் நனைந்த தார்ப்பாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சொந்தமாகக் குட்டி யானை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அதனால் எடை விதியும் இல்லை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 113-வது பிரிவு எல்லா மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். முக்கால் டன் ஏற்றும் வண்டியில் ஐம்பது கிலோ மூட்டை பதினைந்துதான் போகும். முப்பது மூட்டையோடு மேம்பாலம் ஏறுவதை நாம் தினம் பார்க்கிறோம். அபராதத்தின் அடிப்படைத் தொகை பெரிய லாரிக்கும் இதற்கும் ஒன்றே. வண்டியில் உள்ள சரக்கின் லாபத்தைவிட அது அதிகமாக இருக்கும்.

உறுப்பினரின் விவகாரம் ஒருவாறு முடிந்தது. 180 நாள் கெடுவுக்கு முன்பே நோட்டீஸ் போயிற்று. பிறகு சங்க நிர்வாகிகள் முன்னிலையில் பேசி, நனைந்த மூட்டைகளை உலர்த்திக் கழிவு விலைக்கு விற்ற நஷ்டத்தில் பாதிக்கு மேல் லாரி ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. மண்டிக்காரர் ஒரு பங்கு தள்ளிக் கொடுத்தார். மீதி நம் உறுப்பினருக்கு. இப்போது அவர் ஆர்டர் சொல்லும்போதே லாரியின் ஆர்.சி. நகலையும் ஏற்றிய இடத்து எடைச் சீட்டையும் செல்போனில் அனுப்பச் சொல்கிறார். எடைச் சீட்டு வராத வண்டிக்கு முன்பணம் போடுவதில்லை. எடை மேடைக் கூலியை அவரே கொடுத்துவிடுகிறார். மண்டிக்காரர் முதலில் முணுமுணுத்தாராம்; இப்போது அவரே மற்ற ஊர்க்காரர்களுக்கும் சீட்டு அனுப்புவதாகக் கேள்வி.